தோட்டா இருக்கு, உறை எங்கே? பித்தளையைக் கைவிட்ட ஜெர்மன் துப்பாக்கி களத்துக்கு வராமல் போன கதை

ஆக்‌ஷன் படங்களில் ஒரு ஷாட் தவறாமல் இருக்கும். ஹீரோ டிரிகரை அழுத்துவார். கேமரா அப்படியே தரைக்கு இறங்கும். பளபளவென்று பித்தளைக் குப்பிகள் ஸ்லோமோஷனில் விழுந்து உருளும். தியேட்டரில் விசில் பறக்கும்.

பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எதிரியை நோக்கிப் போனது குண்டு மட்டும்தான். கீழே உருளும் அந்தக் குப்பிகள் சுட்ட மறுநொடியே பழைய இரும்புக் கடைச் சரக்கு ஆகிவிட்டன. ஆனால் அந்தச் சரக்கையும் போர்க்களம் வரைக்கும் உடம்பில் கட்டிச் சுமந்து வந்தவர் அதே சிப்பாய்தான்.

‘அந்தக் குப்பியே இல்லாமல் ஒரு தோட்டா செய்தால் என்ன?’

இந்த ஒரு கேள்விக்காக மேற்கு ஜெர்மனியில் ஒரு நிறுவனம் இருபது ஆண்டுகளுக்கு மேல் செலவழித்தது. ஹெக்லர் அண்ட் காக் என்ற அந்த நிறுவனம் கடைசியில் துப்பாக்கியைச் செய்தும் காட்டியது. பெயர் ஜி11. வேலை செய்யாத துப்பாக்கி என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இது வேலை செய்தது. ஆனாலும் எந்த ராணுவமும் இதைத் தன் பொதுத் துப்பாக்கியாக எடுத்துக்கொள்ளவில்லை. என்ன நடந்தது?

குண்டு வேற, தோட்டா வேற

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். செய்திகளில் குண்டு, தோட்டா இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறோம். உண்மையில் தோட்டா என்பது முழு பேக்கேஜ். நுனியில் இருக்கும் உலோகத் துண்டுதான் குண்டு. அதன் பின்னால் வெடிமருந்து, அடியில் பொறி கிளப்பும் பிரைமர், இவை எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும் பித்தளை உறை. நான்கும் சேர்ந்தால்தான் தோட்டா.

நேட்டோ நாடுகள் பயன்படுத்தும் 5.56 மி.மீ தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த எடை சுமார் 12 கிராம். குண்டு 4 கிராம். வெடிமருந்து 2 கிராம்கூட வராது. மீதி எல்லாம் பெரும்பாலும் பித்தளைதான். அதாவது தோட்டாவின் எடையில் பாதி, சுட்டவுடன் தூக்கி எறியப்போகும் டப்பாவுக்கே போகிறது.

ஒரு தோட்டாவில் 6 கிராம் பெரிய விஷயமா? ஒன்றுக்கு இல்லை. இருநூறு தோட்டா சுமக்கும்போது ஒரு கிலோவைத் தாண்டுகிறது. தண்ணீர், உணவு, ஹெல்மெட், கவச உடை, ரேடியோ, பேட்டரி என்று ஏற்கெனவே சுமை தாங்க முடியாத ஒருவருக்கு அந்த ஒரு கிலோ என்ன என்பது அவருக்குத்தான் தெரியும்.

சும்மா டப்பா இல்லை அது

சரி, அப்படியென்றால் நூறு ஆண்டுகளுக்கு மேலாக எல்லா ராணுவமும் ஏன் பித்தளையைக் கட்டிக்கொண்டு அழுகின்றன?

ஏனென்றால் அந்த டப்பா செய்யும் வேலை ஒன்றல்ல.

வெடிமருந்தை ஈரத்திலிருந்தும் அடிபடுவதிலிருந்தும் காப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை. அதைவிட முக்கியமானது அடைப்பு. டிரிகரை அழுத்தியதும் உள்ளே எரியும் மருந்து பயங்கர அழுத்தத்தில் வாயுவாக மாறுகிறது. அந்த நொடியில் பித்தளை லேசாக விரிந்து, துப்பாக்கியின் சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. பிரஷர் குக்கர் மூடியில் ரப்பர் கேஸ்கட் செய்யும் அதே வேலை. அதனால் வாயு பின்பக்கமாகக் கசிந்து சுடுபவரின் முகத்தில் அடிக்காது. அழுத்தம் குறைந்ததும் பித்தளை மறுபடி சுருங்கி, எளிதாக வெளியே வந்துவிடும்.

அடுத்தது யாரும் அதிகம் பேசாத வேலை: சூட்டை வெளியே கொண்டுபோவது. எரியும் மருந்தின் வெப்பத்தில் ஒரு பங்கை உறை வாங்கிக்கொண்டு துள்ளி வெளியே விழுகிறது. படத்தில் உருளும் அந்தக் குப்பியை வெறும் கையில் எடுத்தால் சுடும். துப்பாக்கிக்குள் தங்கியிருக்க வேண்டிய சூடு அது. இன்னொன்று, வெடிக்காமல் போன தோட்டாவை வெளியே இழுக்கவும் உறையின் அடிவிளிம்புதான் பிடி.

இப்போது உறையை எடுத்துவிடுங்கள். அடைப்பு இல்லை, சூட்டைக் கொண்டுபோக ஆள் இல்லை, பிடித்து இழுக்க விளிம்பு இல்லை. ஜி11 பொறியாளர்கள் இருபது ஆண்டுகளாகப் போராடியது இந்த மூன்றோடுதான்.

பழைய கனவு

யோசனை புதிதல்ல. 1848-லேயே அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் என்பவர் குண்டின் அடிப்பாகத்தைக் குடைந்து, அந்தப் பள்ளத்துக்குள்ளேயே மருந்தை அடைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். தனி உறை கிடையாது. ஆனால் அந்தப் பள்ளத்தில் அடங்கிய மருந்து கொஞ்சம்தான், வேகமும் கொஞ்சம்தான். உலோக உறை வந்ததும் இதெல்லாம் மறந்துபோனது. இரண்டாம் உலகப் போரில் பித்தளைக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜெர்மனியில் மறுபடி சில சோதனைகள் நடந்தன. அதுவும் போரோடு முடிந்தது.

1960களின் பிற்பகுதியில் நிலைமை வேறு. பனிப்போர் உச்சத்தில் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் வார்சா ஒப்பந்த நாடுகளின் பெரும்படை. மேற்கு ஜெர்மன் ராணுவத்திடம் இருந்தது ஜி3 என்ற 7.62 மி.மீ துப்பாக்கி. உறுதியானது, ஆனால் கனமானது. தோளில் நல்ல உதை உதைக்கும். அடுத்த தலைமுறைக்கு என்ன செய்யலாம் என்று தேடத் தொடங்கினார்கள். துப்பாக்கி வேலை ஓபர்ன்டார்ஃப் என்ற சிறு நகரத்தில் இருந்த ஹெக்லர் அண்ட் காக் நிறுவனத்துக்கு. தோட்டா வேலை டைனமிட் நோபல் நிறுவனத்துக்கு.

குறி தவறும் என்று ஒப்புக்கொண்ட துப்பாக்கி

எடை மட்டும் பிரச்சினை என்றால் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்கள். அதன் பின்னால் இன்னொரு யோசனையும் இருந்தது.

1952-ல் அமெரிக்க ராணுவத்துக்காக நார்மன் ஹிட்ச்மேன் என்ற ஆய்வாளர் ஓர் அறிக்கை எழுதினார். ரைஃபிள் சண்டை பெரும்பாலும் 300 கஜத்துக்குள் நடக்கிறது. அந்தத் தூரத்திலும் சாதாரணச் சிப்பாயின் குறி நிறைய தவறுகிறது. பயம், மூச்சிரைப்பு, இருட்டு, அசையும் இலக்கு. பயிற்சி மைதானத்தில் கிடைக்கும் துல்லியம் களத்தில் கிடைப்பதில்லை. அப்படியானால் ஒரே அழுத்தலில் சில குண்டுகள் கொஞ்சம் பரவிப் போகும்படி செய்தால், ஒன்றாவது படும் அல்லவா?

தர்க்கம் சரி. நடைமுறையில் சிக்கல். தொடர்ச்சியாகச் சுட்டால் முதல் குண்டின் பின்னுதைப்பிலேயே குழல் மேலே எகிறிவிடும். இரண்டாவது குண்டு தலைக்கு மேல் போகும், மூன்றாவது வானத்துக்கு.

இதற்கு ஜி11 கொடுத்த பதில்தான் செம. மூன்று குண்டுகளையும், உதைப்பு தோளுக்கு வந்து சேரும் முன்பே அனுப்பிவிட்டால்?

வெளி ஓட்டுக்குள் குழல், சேம்பர், மேகசின் எல்லாம் சேர்ந்து ஒரே தொகுதியாகப் பின்னால் வழுக்கிப் போகும்படி அமைத்தார்கள். அந்தத் தொகுதி கடைசிவரை போய் முட்டும்போதுதான் தோளுக்கு உதை தெரியும். அதற்குள் மூன்றாவது குண்டும் குழலை விட்டுப் போயிருக்கும். மூன்று குண்டு பர்ஸ்ட்டின் வேகம் நிமிடத்துக்கு 2,000-க்கும் மேல். கணக்குப் போட்டால், ஒருமுறை கண் இமைப்பதற்குள் மூன்றும் போய்விடும். தொடர் சூட்டில் மட்டும் வேகம் நிமிடத்துக்கு 460 என்று இறங்கிவிடும். ஏனென்றால் அப்போது ஒவ்வொரு குண்டுக்கும் அந்தத் தொகுதி முழுசாகப் பின்னால் போய்த் திரும்பி வர வேண்டும்.

சாதாரணத் துப்பாக்கியில் இந்த வேகம் ஏன் கஷ்டம்? காலி உறையைப் பிடித்து இழுக்க வேண்டும், வெளியே தள்ள வேண்டும், அப்புறம்தான் அடுத்த தோட்டா. உறையே இல்லையென்றால் அந்த இரண்டு வேலையும் மிச்சம். எடை குறைப்பும் வேகமும் ஒரே கல்லில் விழுந்த இரண்டு மாங்காய்.

உள்ளே ஒரு கடிகாரம்

ஜி11-ஐப் பிரித்து வைத்த படங்களைப் பார்த்தால் துப்பாக்கி என்றே தோன்றாது. பல்சக்கரங்கள், நெம்புகோல்கள், சின்னச் சின்ன ஸ்பிரிங்குகள். சுவர்க் கடிகாரத்தின் முதுகைக் கழற்றிப் பார்ப்பது போல இருக்கும்.

தோட்டாவே வித்தியாசமானது. 4.73 மி.மீ குண்டு. அதைச் சுற்றி வெடிமருந்தையே அச்சில் அழுத்திச் செய்த ஒரு சதுரக் கட்டி. குண்டு அந்தக் கட்டிக்குள்ளேயே புதைந்திருக்கும். பார்க்கப் பள்ளிக்கூட அழிரப்பர் மாதிரி. மொத்த எடை சுமார் 5 கிராம். சுட்டால் கட்டி முழுதும் எரிந்துபோகும், கீழே பொறுக்க உறை எதுவும் இருக்காது.

மேகசின் கீழே தொங்காது. குழலுக்கு மேலே, அதற்கு இணையாக நீளமாகப் படுத்திருக்கும். அதில் தோட்டாக்கள் மூக்கு கீழே பார்க்க நின்றுகொண்டிருக்கும். ஒரு தோட்டா அப்படியே செங்குத்தாக ஓர் உருளைக்குள் இறங்கும். உருளை 90 டிகிரி சுழன்று குழலோடு நேர்கோட்டில் வந்து நிற்கும். சுடும். மறுபடி சுழன்று அடுத்த தோட்டாவை வாங்கும். சுடாத தோட்டாவை வெளியே எடுக்க வேண்டுமென்றால் பக்கவாட்டில் இருக்கும் ஒரு குமிழைக் கையால் திருக வேண்டும். தோட்டா அடிப்பக்கமாக விழும்.

குண்டு நகரும் விதத்திலும் ஒரு தந்திரம். பிரைமர் முதலில் ஒரு சின்ன உந்து மருந்தைப் பற்றவைக்கும். அது குண்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக் குழலின் வாயில் உட்காரவைக்கும். அப்புறம்தான் முக்கிய மருந்து எரியும். இல்லையென்றால் வாயு குண்டைச் சுற்றிக் கசிந்து ஓடிவிடும்.

தோசைக்கல் பிரச்சினை

இவ்வளவும் சரியாக வந்தபிறகு ஜி11-ஐக் கிட்டத்தட்டக் கொன்றது ஒரே ஒரு விஷயம். சூடு.

அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று சீறும் இல்லையா? தொடர்ந்து சுட்ட துப்பாக்கியின் சேம்பர் அப்படித்தான். சாதாரணத் தோட்டாவில் மருந்துக்கும் அந்தச் சூட்டுக்கும் நடுவே பித்தளைச் சுவர் இருக்கிறது. உறையில்லாத் தோட்டாவில் மருந்துக்கட்டி நேராகக் கல்லில் உட்காருகிறது. டிரிகரில் விரலே இல்லாமல் துப்பாக்கி தானாகச் சுட்டுவிடும். ராணுவ வட்டாரத்தில் இதை ‘குக் ஆஃப்’ என்பார்கள்.

இதில் விளையாட்டுக்கு இடமே இல்லை. சண்டை ஓய்ந்து துப்பாக்கியைக் கீழே இறக்குகிறார் ஒரு சிப்பாய். குழல் முன்னால் நிற்கும் சக சிப்பாயின் முதுகைப் பார்க்கிறது. அந்த நேரத்தில் தானாக ஒரு குண்டு கிளம்பினால்?

ஆரம்பகாலத் தோட்டாக்களில் இருந்தது வழக்கமான நைட்ரோசெல்லுலோஸ் மருந்து. 170 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே அது பற்றிக்கொள்ளும். 1970களின் இறுதியில் நேட்டோ நாடுகள் அடுத்த பொதுத் தோட்டாவைத் தேர்ந்தெடுக்கச் சோதனைகள் நடத்தின. ஜி11-ம் போட்டியில் இருந்தது. ஆனால் இந்தச் சூட்டுப் பிரச்சினையாலேயே பாதியில் விலக வேண்டியதாகிவிட்டது. 1980-ல் பெல்ஜியத்தின் 5.56 மி.மீ தோட்டா வென்றது. இந்தத் தேதியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

டைனமிட் நோபல் விடவில்லை. வழக்கமான மருந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆக்டோஜன் என்ற சேர்மத்தைப் பிடித்தது. போர்முனை ஏவுகணைகளின் வெடிதலையில் வைக்கும் அசுர வெடிபொருள் அது. அதைப் பிணைப்புப் பொருட்கள் சேர்த்து அடக்கி, வெடிக்காமல் சீராக எரியும் மருந்தாக மாற்றினார்கள். பற்றிக்கொள்ளும் வெப்பநிலை சுமார் 100 டிகிரி உயர்ந்தது. ஜி11 கதையில் உண்மையான சாதனை எது என்றால், எல்லோரும் படம் எடுத்துப் போடும் அந்தக் கடிகார வேலைப்பாட்டைவிட இந்த வேதியியல்தான்.

510-க்கு 100

1980களின் இறுதியில் துப்பாக்கி தயார். நீளம் 75 செ.மீ அளவில், ஜி3-ஐவிடக் கால் மீட்டருக்கு மேல் குட்டை. மேகசினில் 45 தோட்டா. கூடுதலாக இரண்டு மேகசின்களைத் துப்பாக்கியின் பக்கத்திலேயே மாட்டிக்கொள்ளலாம்.

அப்போது அடிக்கடி சொல்லப்பட்ட ஒரு கணக்கு இது: துப்பாக்கியும் தோட்டாவும் சேர்த்து 7.35 கிலோதான் என்று எல்லை வைத்தால், ஜி3 வைத்திருப்பவர் 100 தோட்டா கொண்டுபோகலாம். அமெரிக்காவின் எம்16 என்றால் 240. ஜி11 என்றால் 510.

ஐந்து மடங்கு. எந்த ஜெனரலும் இரண்டு தடவை பார்க்கும் எண் இது.

அமெரிக்காவும் பார்த்தது. 1986-ல் ‘அட்வான்ஸ்டு காம்பாட் ரைஃபிள்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, ஜி11 உட்பட நான்கு துப்பாக்கிகளை ஜார்ஜியா மாகாணத்தின் ஃபோர்ட் பென்னிங்கில் மோதவிட்டது. மற்றவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. குண்டுக்குப் பதில் ஊசி போன்ற அம்புகளைச் சுடும் துப்பாக்கிகள் இரண்டு. ஒரே தோட்டாவில் இரண்டு குண்டு வைத்த துப்பாக்கி ஒன்று. நிபந்தனை: எம்16-ஐவிடக் குறி படும் வாய்ப்பு இரண்டு மடங்காக வேண்டும்.

நான்கில் ஒன்றுகூட அதை எட்டவில்லை. சுமார் 30 கோடி டாலர் செலவான திட்டம் 1990-ல் முடிந்தது. எம்16 குடும்பமே தொடர்ந்தது.

இந்த நிபந்தனை நியாயமா என்பது வேறு விவாதம். குறி தவறுவதற்கு முக்கியக் காரணம் துப்பாக்கியைப் பிடித்திருக்கும் மனிதரின் பதற்றம் என்றால், துப்பாக்கியை மாற்றி அதை எவ்வளவுதான் சரிசெய்ய முடியும்?

சுவர் விழுந்தது, துப்பாக்கியும்

அமெரிக்கா போனால் போகட்டும், சொந்த நாடு இருக்கிறதே? இருந்தது. ஆனால் அந்த நாடே மாறிப்போனது.

1989 நவம்பரில் பெர்லின் சுவர் விழுந்தது. 1990 அக்டோபர் 3-ல் இரு ஜெர்மனிகளும் இணைந்தன. இணைப்புக்கு முன் கையெழுத்தான ஒப்பந்தப்படி ஜெர்மன் படையின் அளவு 3,70,000 பேரைத் தாண்டக் கூடாது. யாரை எதிர்த்துச் சுட இந்தத் துப்பாக்கி பிறந்ததோ, அந்தக் கிழக்கு ஜெர்மன் ராணுவம் கலைந்தேபோனது. 1991-ல் வார்சா ஒப்பந்தமும் முடிந்தது. கிழக்கு ஜெர்மனியைத் தூக்கி நிறுத்தப் பணம் கொட்ட வேண்டிய நேரத்தில், புதுத் துப்பாக்கிக்கு யார் காசு கொடுப்பார்கள்?

இங்கேதான் அந்த 1980 திரும்ப வருகிறது. நேட்டோ முழுக்க 5.56 மி.மீ-க்கு மாறிக்கொண்டிருந்தபோது, 4.73 மி.மீ உறையில்லாத் தோட்டா ஜெர்மனியிடம் மட்டும் இருக்கும். சண்டையில் தோட்டா தீர்ந்தால் பக்கத்தில் நிற்கும் கூட்டணி நாட்டுச் சிப்பாயிடம் கடன்கூட வாங்க முடியாது. ஜெர்மனி மட்டும் மாறினால் பயனில்லை. கூட்டணியே மாற வேண்டும். அதற்கான வாய்ப்பு பத்து ஆண்டுகளுக்கு முன்பே கை நழுவியிருந்தது.

ஆர்டர் ரத்து. ஹெக்லர் அண்ட் காக் கடும் நெருக்கடியில் விழுந்தது. 1991-ல் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸின் ராயல் ஆர்ட்னன்ஸ் அதை வாங்கியது. ஜெர்மன் ராணுவமோ, ஓய்வு கொடுக்க நினைத்த அதே பழைய ஜி3-ஐ இன்னும் சில ஆண்டுகள் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தது. 1990களின் பிற்பாதியில் வந்த ஜி36, அதே நிறுவனம் செய்ததுதான். தோட்டா? வழக்கமான 5.56. உறை? பித்தளை.

அப்புறம் யாருமே முயலவில்லையா?

முயன்றார்கள். 1991-ல் ஆஸ்திரியாவின் ஃவோயரே நிறுவனம் மின்சாரத்தால் தோட்டாவைப் பற்றவைக்கும் உறையில்லா வேட்டைத் துப்பாக்கியைக் கடைக்கே கொண்டுவந்தது. பெரிதாக ஓடவில்லை.

2004-ல் அமெரிக்கா எடை குறைந்த இயந்திரத் துப்பாக்கித் திட்டம் ஒன்றை எடுத்தது. இரண்டு பாதை: ஒன்று ஜெர்மன் மருந்தின் வழியில் உறையில்லாத் தோட்டா, இன்னொன்று பித்தளைக்குப் பதில் பிளாஸ்டிக் உறைக்குள் குண்டைப் புதைத்த தோட்டா. முதலாவதில் தோட்டா எடை ஏறக்குறைய பாதி குறைந்தது. இரண்டாவதில் சுமார் 40 சதவீதம். கூடுதலாகக் கிடைக்கும் அந்தப் பத்து சதவீதத்துக்காகச் சூடு, அடைப்பு, உடைந்துபோகும் கட்டி என்று மறுபடி முதலிலிருந்து மல்லுக்கட்டுவதா? பிளாஸ்டிக் பக்கமே சாய்ந்தார்கள்.

இதில் ஒரு சுவாரசியம். பெரிய பீரங்கிகளில் இந்த யோசனை எப்போதோ ஜெயித்துவிட்டது. சென்னைக்குப் பக்கத்தில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் தயாராகும் டி-90 டாங்க்கின் 125 மி.மீ பீரங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மருந்து உறை பெரும்பாலும் எரிந்துபோகும் வகை. அடியில் இருக்கும் உலோகக் கிண்ணம் மட்டும் மிஞ்சும். அந்தக் கிண்ணம்தான் அடைப்பு வேலையைப் பார்த்துக்கொள்கிறது. டாங்க் நிமிடத்துக்குச் சில குண்டுகள்தான் சுடும், சூடு ஆற நேரம் இருக்கிறது. நூற்றுக்கணக்கில் சுடும் ரைஃபிளுக்கு அந்தச் சலுகை இல்லை.

சரி, எடை குறைக்கும் அந்த ஓட்டம் இப்போது எங்கே நிற்கிறது? 2022 ஏப்ரலில் அமெரிக்க ராணுவம் தன் அடுத்த ரைஃபிளைத் தேர்ந்தெடுத்தது. சிக் சாவர் நிறுவனத்தின் 6.8 மி.மீ துப்பாக்கி. பிளாஸ்டிக் உறைத் தோட்டாக்களும் போட்டியில் இருந்தன. தேர்வானது பித்தளை உடலும் எஃகு அடிப்பாகமும் கொண்ட கலப்பு உறை. கவச உடையைத் துளைக்க வேண்டும் என்பதால் தோட்டா முன்பைவிடப் பெரியது, கனமானது. பழைய எம்4 வைத்திருந்த சிப்பாய் வழக்கமாக 210 தோட்டா கொண்டுபோவார். புதிய துப்பாக்கிக்குத் திட்டமிட்ட அளவு 140.